கண்ணியத்தின் மொழி: காயிதே மில்லத்தின் தலைமையும் உரைத்திறனும் – ஒரு மதிப்பீடு

இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் முதல் தலைவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் (1896–1972) அவர்களைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள நூல்களுக்கும் சிறப்பு மலர்களுக்கும் குறைவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் அன்னாரின் பிறந்தநாள் நினைவுகூரப்படுகிறது. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பல மாவட்டத்தாரும் வந்து குடியேறிய மந்தாரக்குப்பம் போன்ற சிறு நகரியங்களில்கூட அன்னாரின் பெயரை அறியாத முஸ்லிம் குடும்பம் அரிது. ஆயினும், அன்னாரின் அரசியல் நிர்ணய சபை உரைகளில் ஒன்றையேனும் முழுமையாகப் படித்தவர் யார் என்று கேட்டால், கற்றவர் அவையிலும் விடை கிடைப்பது எளிதன்று.

அரபு இலக்கிய மரபில் பெரியோரின் சிறப்புகளைத் தொகுத்துரைக்கும் நூல்வகைக்கு ‘மனாகிப்’ என்று பெயர். நம்மிடையே உள்ள காயிதே மில்லத் இலக்கியம் பெரும்பாலும் அவ்வகையினது. அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதே மரபில் ‘நக்து’ என்றொரு துறையும் உண்டு. இன்று திறனாய்வு என்று பொருள்படும் அச்சொல், நல்ல திர்ஹத்தைப் போலியினின்று பிரித்தறியும் நாணய வணிகரின் தொழிலிலிருந்து வந்தது. நல்ல நாணயம் உரைகல்லுக்கு அஞ்சுவதில்லை. அந்நம்பிக்கையோடு அன்னாரின் தலைமையையும் உரைத்திறனையும் அவை விட்டுச்சென்ற மரபையும் மதிப்பிட முயல்கிறோம்.

நமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். இஸ்மாயில் சாகிப் ஐயமின்றிப் பழமை பேணும் தலைவர். அப்பழமை பேணலைக் குடியரசின் அரசியலமைப்பு மொழியிலேயே வாதிட்டு, அதை ஒரு குடிமகனின் உரிமைக் கோரிக்கையாக ஆக்கியதே அன்னாரின் தனிச்சாதனை. ஆனால் அத்தலைமை வெளியே அரண் எழுப்புவதில் காட்டிய கவனத்தை, அரணுக்குள் இருந்த வீட்டைச் சீர்செய்வதில் காட்டவில்லை. பின்வந்தோர் அந்த அரணின் பெயரைப் போற்றினர், வீட்டைப் பார்க்கவில்லை. இன்றைய நெருக்கடிகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் உள்ளது.

‘காயித்’ என்னும் சொல்

அரபு அகராதியாளர்கள் ‘கவ்த்’ என்பதையும் ‘ஸவ்க்’ என்பதையும் எதிர்ச்சொற்களாகக் காட்டுவர். கால்நடையின் கயிற்றைப் பற்றி முன்னே நடந்து அழைத்துச் செல்வது ‘கவ்த்’. பின்னே நின்று ஓட்டுவது ‘ஸவ்க்’. முன்னதைச் செய்பவர் காயித், பின்னதைச் செய்பவர் ஸாயிக். பின்னே நிற்பவன் கூட்டத்தை அதட்டி ஓட்டுகிறான். ஆபத்து வந்தால் அது முதலில் கூட்டத்தைத்தான் தாக்கும். முன்னே நடப்பவரோ பள்ளத்தையும் முள்ளையும் முதலில் தாமே மிதிக்கிறார். சமுதாயம் அன்னாருக்கு அளித்த பட்டம் பொருத்தமானதா என்பதற்கு இச்சொல்லாராய்ச்சியே ஓர் அளவுகோல்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அன்னார், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டத் தேர்வைத் துறந்தவர். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். 1946 தேர்தலுக்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக 1952 வரை பணியாற்றினார். வணிகரின் கணக்கும் சட்டமன்றத்தாரின் நடைமுறை அறிவும் சேர்ந்த வாழ்க்கை அது. பேச்சில் அன்னார் காட்டிய சிக்கனத்திற்கு இப்பின்னணி ஒரு காரணம் எனலாம்.

பிரிவினைக்குப் பின் 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில், இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்புகள் காண்பதென முடிவு செய்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலீ கானும் இந்தியாவுக்கு இஸ்மாயில் சாகிபும் அமைப்பாளர்களாயினர். அதே மாதத்தில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் லக்னோவில் மாநாடு கூட்டி, முஸ்லிம்கள் சமுதாயப் பெயர் தாங்கிய கட்சிகளை விட்டு வெளியேற வேண்டுமென வற்புறுத்தினார். வட இந்தியாவின் லீக் தலைவர்கள் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். தங்கியவர்களுள் பலர் மௌனமாயினர். ‘லீக்’ என்னும் சொல்லே குற்றச்சாட்டாகக் கருதப்பட்ட வேளையில், 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடியவர்கள் இந்திய யூனியன் முஸ்லிம் லீகை அமைத்து அன்னாரைத் தலைவராக்கினர்.

இம்முடிவு சரியா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஆஸாதின் அச்சத்தில் நியாயம் இருந்தது. பிரிவினைக் கட்சியின் பெயரையே தாங்கி நிற்பது பெரும்பான்மையினரின் ஐயத்தை வளர்க்கும் என்று அவர் கருதினார். வட இந்தியச் சூழலுக்கு அது பொருந்திய கருத்தே. ஆனால் மலபாரிலும் தமிழகத்திலும் நிலைமை வேறு. இங்கே முஸ்லிம்கள் அண்டை அயலாரோடு ஒரே மொழி பேசியவர்கள். பிரிவினையின் இரத்தம் இங்கே சிந்தவில்லை. எனவே இங்கே ஒரு சமுதாயக் கட்சி, பிரிவினையின் எச்சமாக இல்லாமல், சட்டமன்றத்தில் அமர்ந்து பேரம் பேசும் சாதாரண அரசியல் அமைப்பாக வாழ முடிந்தது. இஸ்மாயில் சாகிப் கண்டது இந்த வேறுபாட்டைத்தான் என்று கருதுகிறோம். அன்னாரின் கட்சி தெற்கே நிலைத்ததற்கும் வடக்கே வேரூன்றாமைக்கும் இதுவே விளக்கம்.

உரைத்திறன்: பலாகத் நோக்கில்

பேச்சாற்றல் என்றதும் அடுக்குமொழியும் உவமையும் உணர்ச்சிப் பெருக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. தமிழ் மேடை அரை நூற்றாண்டாக நமக்குக் கற்பித்த இலக்கணம் அது. அந்த அளவுகோலால் பார்த்தால் இஸ்மாயில் சாகிப் பேச்சாளரே அல்லர். ஆஸாதின் உருது நடைக்கு முன்னும் அறிஞர் அண்ணாவின் தமிழ் நடைக்கு முன்னும் அன்னாரின் உரைகள் வறண்டு தோன்றும்.

அரபு பலாகத் கலை வேறோர் அளவுகோலைத் தருகிறது. பிழையற்ற சொல், ‘முக்தளல் ஹால்’ எனப்படும் சூழலின் தேவைக்குப் பொருந்தி அமைவதே பலாகத் என்பது அக்கலையின் அடிப்படை. கேட்பவரின் மனநிலையை அது மூன்றாகப் பகுக்கிறது. செய்தி பற்றிய எண்ணமே இல்லாதவருக்கு வெறும் செய்தி போதும். ஐயமுற்றவருக்குச் சற்று அழுத்தம் வேண்டும். மறுப்பவருக்கு ஆணையும் உறுதிச் சொற்களும் அடுக்கிப் பேச வேண்டும். இம்மூன்றையும் இப்திதாயீ, தலபீ, இன்காரீ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வர். ஆனால் இவ்விதிக்குப் புறநடை ஒன்றும் உண்டு. மறுப்பவரின் கண்முன் தெளிவான சான்று இருக்குமாயின், அவரை மறுப்பவராகவே கருதாமல் அழுத்தமின்றிப் பேசலாம். ‘நீர் சிந்தித்தால் போதும்’ என்னும் குறிப்பை அது தன்னுள் கொண்டிருக்கும். வெளித்தோற்றத்தின் தேவையை விட்டு விலகும் இவ்வுத்தியை உயர்ந்த நுட்பமாக அறிஞர்கள் மதிப்பர்.

1948, 1949ஆம் ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபையில் அன்னார் ஆற்றிய உரைகளை இக்கண் கொண்டு நோக்க வேண்டும். அவையோர் பெரும்பாலும் மறுப்பவர்கள். லீக் உறுப்பினரின் வாயிலிருந்து வருவது எதுவாயினும் ஐயுறும் மனநிலையினர். அத்தகைய அவையில் அன்னார் ஆணையிடவில்லை, அழவில்லை, அச்சுறுத்தவில்லை. நியாயம் கேட்கக் காத்திருக்கும் நடுநிலையாளரிடம் பேசுவதுபோலவே பேசினார். ஃபிர்அவ்னிடம் செல்லும்போதும் மென்மையாகப் பேசுமாறு மூஸா, ஹாரூன் நபிமார்களுக்கு (அலை) இறைவன் கட்டளையிட்டதை அறிந்த ஒருவருக்கு இது தந்திரமன்று, ஒழுக்கம். ‘கண்ணியத்திற்குரிய’ என்று இன்று நாம் சேர்த்துக் கூறும் அடைமொழியின் உண்மைப் பொருளும் இதுவே.

தனியார் சட்ட விவாதம்

இதற்குத் தலைசிறந்த சான்று 1948 நவம்பர் 23ஆம் நாள் விவாதம். நாடு முழுமைக்கும் ஒரே உரிமையியல் சட்டம் காண அரசு முயல வேண்டும் எனக் கூறிய வரைவின் 35ஆம் பிரிவு (இன்றைய 44ஆம் பிரிவு) அன்று அவைக்கு வந்தது. தனக்கெனத் தனியார் சட்டம் கொண்ட எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்னும் காப்புரையைச் சேர்க்க வேண்டுமென இஸ்மாயில் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார்.

அன்னாரின் வாதக் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. ‘முஸ்லிம்களுக்கு’ என்று திருத்தம் கேட்கவில்லை. ‘எந்தச் சமூகத்துக்கும்’ என்றே கேட்டது. தனியார் சட்டம் மக்களின் வாழ்க்கை முறையின் ஒரு கூறு. அதைப் பின்பற்றும் உரிமை அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்பது முதல் வாதம். முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த செர்பியர், குரோவேசியர், சுலோவேனியர் அரசு, தன் முஸ்லிம் குடிமக்களின் குடும்பச் சட்டத்தைக் காக்க உடன்படிக்கையால் கட்டுப்பட்டிருந்ததை முன்மாதிரியாகக் காட்டியது இரண்டாம் வாதம். மூன்றாவது, எதிர்த்தரப்பின் மையக் கருத்தையே திருப்பிப் போட்டது. ஒரே சட்டம் இருந்தால் ஒற்றுமை வளரும் என்று அவர்கள் கூறினர். மக்களின் வாழ்க்கை நெறியில் தலையிட்டால்தான் மனக்கசப்பு பிறக்கும். அவரவர் நெறியில் விட்டால் இணக்கம் தானே விளையும் என்று அன்னார் விடையிறுத்தார். மூன்று வாதங்களிலும் மார்க்கத்தின் அதிகாரத்தை அவை ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை இல்லை. அவை ஏற்றுக்கொண்டிருந்த சுதந்திரம், முன்மாதிரி, அமைதி ஆகிய மூன்றின் மீதே வாதம் நின்றது.

கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினர். திருத்தம் தோற்றது. டிசம்பரில் மதச் சுதந்திரம் பற்றிய பிரிவு வந்தபோது அதே பாதுகாப்பை அங்கே சேர்க்க மீண்டும் முயன்றார், அதுவும் ஏற்கப்படவில்லை.

ஆயினும் அந்நாள் விவாதத்தில் நமக்கு மிகப் பயனுள்ளது டாக்டர் அம்பேத்கரின் மறுமொழி. முஸ்லிம் தனியார் சட்டம் இந்தியா முழுவதும் மாறாமல் ஒரே வகையாக இருந்ததாகக் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது என்றார் அவர். வடமேற்கு எல்லை மாகாண முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தைப் பின்பற்றியதையும், மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களிடையேயும் வழங்கியதையும் எடுத்துக்காட்டினார். அதன்பின், எதிர்கால நாடாளுமன்றம் தாமாக விரும்பி ஏற்போருக்கு மட்டும் அத்தகைய சட்டத்தைப் பொருத்தும் வழியை மேற்கொள்ளலாம் என்று ஆறுதலும் கூறினார்.

நம்மவர் இவ்விவாதத்தைச் சொல்லும்போது அம்பேத்கரின் இந்த எடுத்துக்காட்டுகளை விட்டுவிடுவது வழக்கம். அது நேர்மையன்று. மருமக்கத்தாயம் ஷரீஅத் அன்று என்பது முதலாண்டு ஃபிக்ஹ் மாணவனுக்கும் தெரியும். ஷரீஅத், வழக்காறு, ஆங்கிலேய நீதிமன்றங்கள் தம் தீர்ப்புகளால் உருவாக்கிய ‘முஹம்மதியச் சட்டம்’ ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இஸ்மாயில் சாகிபின் உரை இம்மூன்றையும் ‘தனியார் சட்டம்’ என்னும் ஒரே குடையின்கீழ் வைத்தது. எதையும் இழக்கக்கூடாத நெருக்கடியில் வழக்கறிஞர் கையாளும் முறை அது. அந்த நாளுக்கு அது பொருந்தியது. ஆனால் நெருக்கடி தணிந்தபின் செய்யப்பட வேண்டிய பிரித்தறிதல் செய்யப்படவில்லை.

பழமை பேணுவது பெண்ணுரிமைக்குப் பகை என்று கருதுவோருக்கு ஒரு செய்தி. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசுரிமைக்குப் பொருந்தவில்லை. அது அன்று மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தமையே காரணம். 1949இல் சென்னை மாகாணம் திருத்தச் சட்டம் இயற்றி விவசாய நிலத்தையும் அதனுள் கொண்டுவந்தது. இஸ்மாயில் சாகிப் அப்போது அம்மன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவர். வழக்காற்றைக் காட்டி மகளுக்கு நன்செய், புன்செய்ப் பங்கை மறுத்துவந்தோரின் வாதம் அதனால் சட்டப்படி அடைபட்டது. ஷரீஅத்தைப் பேணுவது என்பது சில வேளைகளில் வழக்காற்றைத் திருத்துவதே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தனித்தொகுதிக் கோரிக்கை

அன்னாரின் உரைகளுள் அதிகக் கண்டனத்துக்கு உள்ளானது தனித்தொகுதி பற்றியது. 1947 ஆகஸ்டில் மலபாரின் பி. போக்கர் சாகிப் அதைக் கோரியபோது, அதை வேண்டுவோருக்கு இடம் பாகிஸ்தானில்தான் என்னும் கருத்துப்பட சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்தார். மதச் சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீட்டையும் நீக்கும் பரிந்துரை 1949 மே மாதத்தில் அவைக்கு வந்தபோது, அக்கடுமையை அறிந்திருந்தும் இஸ்மாயில் சாகிப் அக்கோரிக்கையை மீண்டும் எழுப்பினார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அதை எதிர்த்துப் பேசினர்.

துணிவு என்ற வகையில் அது போற்றத்தக்கது. தோல்வி உறுதி என்று தெரிந்தும், தம்மை அனுப்பியவர்களின் கோரிக்கையை அவைக்குறிப்பில் ஏற்றும் கடமையை அன்னார் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அரசியல் மதிநுட்பம் என்ற வகையில் நமக்கு மாற்றுக்கருத்து உண்டு. அதே விவாதத்தில் ஐக்கிய மாகாணத்தின் இஸட்.எச். லாரி, தனித்தொகுதியும் வேண்டாம், ஒதுக்கீடும் வேண்டாம், வாக்குகளைத் திரட்டி அளிக்கும் விகிதாசார முறை வேண்டும் என்றார். எந்த மதத்தின் பெயரையும் சொல்லாமலே எல்லாச் சிறுபான்மையினருக்கும் குரல் அளிக்கக்கூடிய முறை அது. தனித்தொகுதி ஆங்கிலேயர் தந்த பழைய உடை. 1949இல் அதை அணிந்து அவைக்குச் செல்வது பயன் தராது. லீகின் ஆற்றல் லாரியின் திட்டத்தின்பால் திரும்பியிருப்பின் வென்றிருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால் அது பிற்காலத்தார் கையில் எடுத்துப் பேசத்தக்க ஒரு கோரிக்கையாக எஞ்சியிருக்கும். மந்தாரக்குப்பத்தில் வாழும் முஸ்லிமும் சரி, தமிழகத்தின் பெரும்பாலான ஊர்களில் வாழும் முஸ்லிமும் சரி, எத்தொகுதியிலும் பெரும்பான்மையர் அல்லர்; சிதறி வாழ்பவர்கள். அத்தகையோருக்குப் பயன்படுவது எந்த முறை என்னும் கேள்வி இன்றும் விடையின்றியே நிற்கிறது.

மொழி விவாதமும் மேடைக் கதைகளும்

1949 செப்டம்பரில் நடந்த ஆட்சிமொழி விவாதத்தில் அன்னார் தமிழுக்காகப் பேசியது நம் மேடைகளில் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. தொன்மையே தகுதி என்றால் இம்மண்ணில் முதலில் வழங்கிய திராவிட மொழிகளுக்கு, குறிப்பாகத் தம் தாய்மொழியாகிய தமிழுக்கு, அத்தகுதி உண்டென்று அன்னார் வாதிட்டார். இது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் அவ்வுரையில் காந்தியடிகள் வலியுறுத்திய இந்துஸ்தானிக்கும் இடமுண்டு என்பதை மேடைகள் சொல்வதில்லை. உருது பேசும் முஸ்லிம்களின் நலனையும் தமிழின் சிறப்பையும் ஒருங்கே தாங்கிப் பேசிய உரை அது. ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எழுச்சியூட்டும் முழக்கம் கிடைக்கும். முழுவதையும் படித்தால்தான், இரு மொழி பேசும் ஒரு சமுதாயத்தின் தலைவர் எவ்வளவு குறுகிய பாதையில் நடந்தார் என்பது விளங்கும்.

1962 சீனப் போரின்போது தம் மகனைப் படைக்கு அனுப்ப முன்வந்தார் என்னும் செய்தியும் இத்தகையதே. இதை எடுத்துரைப்போர் பலர், நாட்டுப்பற்றுக்குச் சான்று காட்டும் தொனியில் கூறுகின்றனர். ஆனால் அன்னாரின் அவை உரைகளில் சான்று காட்டும் தொனியைக் காண்பதரிது. நாட்டின் குடிமகன் என்பது நிறுவப்பட வேண்டிய ஒன்றன்று, தொடங்கும் இடம் என்பதே அவ்வுரைகளின் நிலைப்பாடு. நம் மேடைகள் அன்னாரைப் புகழ்ந்துகொண்டே அன்னார் ஏற்காத தற்காப்பு மொழியைப் பேசுகின்றன என்பது வருந்தத்தக்கது.

கூட்டணியின் கணக்கு

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், பின்னர் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்று மக்களவையிலும் அன்னார் பணியாற்றினார். தமிழகத் தலைவர் ஒருவரை மலபார் மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தது, மொழி எல்லையைக் கடந்த நம்பிக்கைக்குச் சான்று.

கூட்டணி அரசியலில் அன்னாரின் தலைமை நெகிழ்வானது. கேரளத்தில் 1960இல் காங்கிரசோடும் பிரஜா சோஷலிஸ்டுகளோடும் சேர்ந்து பொதுவுடைமைக் கட்சியை எதிர்த்த லீக், 1967இல் அதே பொதுவுடைமைத் தலைவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் பங்கேற்றது. தமிழகத்தில் 1967இல் இறைமறுப்பு மரபிலிருந்து வந்த தி.மு.க.வோடும் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடும் ஒரே அணியில் நின்றது. கொள்கையற்ற தாவல் என்று இதைக் கண்டித்தவர் உண்டு. நமது பார்வை வேறு. 1960இல் வென்ற காங்கிரஸ், லீகுக்கு அமைச்சர் பதவி தர மறுத்துச் சபாநாயகர் பதவியோடு நிறுத்திக்கொண்டது. தீண்டத்தகாத கட்சியாக நடத்தப்பட்ட அந்த அனுபவத்திலிருந்து அன்னார் கற்ற பாடம், சமமாக நடத்துவோரோடு சேர்வது என்பதே. அதன் விளைவு வெறும் பதவிகளாக நின்றுவிடவில்லை. சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகமும், 1969இல் மலப்புறம் மாவட்டமும் தோன்றின. மலபார் முஸ்லிம் பெண்களின் கல்வி வளர்ச்சிக்கு இவை இட்ட அடித்தளத்தை இன்று கண்கூடாகக் காண்கிறோம்.

தமிழகத்தின் கணக்கு அவ்வாறு அமையவில்லை. இங்கே கூட்டணி நட்பைத் தந்தது, மரியாதையைத் தந்தது, சில தொகுதிகளையும் தந்தது. கேரளத்தைப்போல் ஒரு துறையைக் கையில் எடுத்து ஒரு தலைமுறையை உயர்த்தும் வாய்ப்பைத் தரவில்லை. மக்கட்செறிவின் வேறுபாடு ஒரு காரணம். நினைவுச் சின்னங்களிலேயே மனநிறைவு கண்டது மற்றொரு காரணம். அன்னாரின் பெயரில் சென்னையில் அரசு மகளிர் கல்லூரி அமைந்தது நிலைத்த நன்மை. ஆனால் நாகை மாவட்டத்துக்கு இடப்பட்ட அன்னாரின் பெயர், மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியபோது 1997இல் நீங்கிவிட்டது. பெயர்ப்பலகை அரசின் ஒரு ஆணையால் வரும், மற்றோர் ஆணையால் போகும். கல்வி அவ்வாறு போவதில்லை.

மரபின் மறுபக்கம்

1972 ஏப்ரல் 5 அன்று அன்னார் மறைந்தார். சென்னை வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். சில ஆண்டுகளுக்குள் கேரளத்தில் கட்சி பிளவுபட்டது. பின்னர் தமிழகத்திலும் பல கிளைகளாயிற்று. கால் நூற்றாண்டு ஒருவரே தலைமை தாங்கிய இயக்கத்தில், தலைவரின் நற்பண்பே அமைப்பின் விதியாக இருந்துவிட்டது. பண்பு மரபுரிமையாக வருவதில்லை, விதிமுறை வரும். அன்னாரின் தலைமையில் நாம் காணும் முதற்குறை இது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. விடுதலைக்கு முன் உலமாக்கள் ஒரு நல்வழியைத் தொடங்கி வைத்திருந்தனர். கணவன் காணாமற்போனாலும் கொடுமை செய்தாலும் ஹனஃபி மத்ஹபில் மனைவிக்கு விடுதலை கிடைப்பது அரிதாக இருந்தது. மணமுறிவுக்காகவே பெண்கள் சிலர் மார்க்கத்தை விட்டு வெளியேறும் அவலமும் நேர்ந்தது. அப்போது மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலில் மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளை ஏற்று வழிகண்டார். அவ்வழியின் விளைவாகவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் பிறந்தது. ஷரீஅத்தின் உள்ளிருந்தே, உலமாக்களின் முயற்சியால், பெண்ணின் துயர் தீர்க்கப்பட்டது.

1948க்குப் பின் இவ்வழி அடைபட்டது. அரசின் தலையீட்டைத் தடுப்பதே முழுமுயற்சியாகிவிட்டதால், உள்ளிருந்து செய்யும் சீர்திருத்தமும் அரசுக்குக் கதவு திறப்பதாகக் கருதப்பட்டது. ஒரே அமர்வில் மும்முறை தலாக் கூறுவதை ஹனஃபி நூல்களே பித்அத் என்று கண்டிக்கின்றன. அதைத் தடுக்கும் கட்டுப்பாட்டை ஜமாஅத்துகளின் நிகாஹ் பதிவேட்டிலேயே ஏற்படுத்தியிருக்கலாம். இஸ்மாயில் சாகிபுக்கு இருந்த செல்வாக்கில், தமிழக, மலபார் உலமாக்களை ஓரவையில் அமர்த்தி இதைச் செய்விக்க அன்னாரால் இயன்றிருக்கும். அகில இந்திய அளவில் ஒரு மாதிரி நிகாஹ்நாமா வெளிவர 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. விளைவு நாம் அறிந்ததே. 1985இல் ஷா பானு வழக்கு. 2017 ஆகஸ்டில் முத்தலாக் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2019இல் அதைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம். 2024இல் உத்தராகண்ட் சட்டமன்றம் நிறைவேற்றிய பொது உரிமையியல் சட்டம். 1948இல் அன்னார் எச்சரித்த தலையீடு படிப்படியாக வந்தது. வரும்போது அது பெண்ணின் கண்ணீரைக் காரணமாகக் காட்டியே வந்தது. அக்கண்ணீரைத் துடைக்கும் நூல்கள் நம் மதரஸாக்களின் அலமாரிகளிலேயே இருந்தன என்பதுதான் இதில் வேதனைக்குரியது.

இக்குறைகளைக் கூறுவதால் அன்னாரின் பெருமை குறையாது. பொறுப்பும் முழுவதும் அன்னாருடையதன்று. அரணைக் கட்டியவர் அரசியல்வாதி. வீட்டைச் சீர்செய்ய வேண்டியவர்கள் ஃபிக்ஹ் கற்றவர்கள். ஆனால் அரண் கட்டியவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே வீட்டைப் பழுதாக விடுவோர், அன்னாரின் வாரிசுகள் என்று கூறிக்கொள்ள இயலாது.

செய்யத்தக்கவை

அரசியல் நிர்ணய சபை, மாநிலங்களவை, மக்களவை ஆகியவற்றில் அன்னார் ஆற்றிய உரைகளைத் தக்க முன்னுரைகளோடும், எதிர்த்துப் பேசியோரின் வாதங்களோடும் சேர்த்துத் தமிழில் பதிப்பிக்க வேண்டும். அம்பேத்கர், பட்டேல், லாரி ஆகியோரின் பக்கங்களை நீக்கிவிட்டு அன்னாரின் பக்கத்தை மட்டும் அச்சிடுவது மீண்டும் மனாகிப் நூலாகவே முடியும். அரபுக் கல்லூரிகளில் பலாகத் பாடத்துக்கு நாம் காட்டும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பழங்கவிதைகளிலிருந்து வருகின்றன. மறுப்போர் நிறைந்த அவையில் எவ்வாறு பேசுவது என்பதற்கு 1948 நவம்பர் 23ஆம் நாள் உரையும் பாடமாகட்டும். மணவிலக்கு, ஜீவனாம்சம், பெண்ணின் வாரிசுப் பங்கு ஆகியவற்றில் ஜமாஅத்துகள் ஷரீஅத்தின்படி நடக்கின்றனவா, வழக்காற்றின்படி நடக்கின்றனவா என்பதை உலமாக்கள் ஊர்தோறும் ஆராயட்டும். விவசாய நிலத்தில் மகளுக்குப் பங்களித்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் எத்தனை ஊர்களில் நடைமுறையில் உள்ளது என்னும் கேள்வியிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

தனியார் சட்டத்தைக் காப்பதற்காக அவையில் எழுந்து நின்ற தலைவருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதை, அச்சட்டம் நம் இல்லங்களில் நீதியாக நிறைவேறுவதைக் காட்டுவதே. அன்னாரின் பணிகளை அல்லாஹ் ஏற்றருள்வானாக. அப்பணியின் எஞ்சிய பகுதியைச் செய்து முடிக்கும் ஆற்றலை அறிஞர்களுக்கு அளிப்பானாக. ஆமீன்.